இரண்டு மலை, நடுவில் சூரியன்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்கள் அவர்களுக்கு,

வணக்கம். பர்கூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் 2012 முதல் பகுதிநேர ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வாரம் மூன்று அரைநாள். பரீட்சை நெருங்கினால் அந்த அரைநாளிலும் கணக்கு வாத்தியார் வந்து வாசலில் நிற்பார். அது வேறு கதை. இப்போது எழுதுவது வகுப்பறைக்கு வந்திருக்கும் வீடியோ திரையைப் பற்றி.

திரை வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நானும் எல்லாரையும் போல முதலில் யூட்யூபில் ‘ஈஸி டிராயிங்’ தேடிப் போட்டேன். “சார், நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று பிள்ளைகள் கத்த, நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். பீரியட் முடிந்தபோது முப்பத்தெட்டு நோட்டிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் சாய்ந்த தென்னை. நான் படித்த காலத்தில் கரும்பலகையில் இருந்த அதே மலை, இப்போது வண்ணத்தில்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம், “உங்க வீட்டுக்கிட்ட என்ன மரம்மா இருக்கு?” என்றேன்.

“புளியமரம் சார்.”

“அதை ஏன் போடல?”

“வீடியோல வரல சார்.”

ஜூன் மாதம் அது. ஜன்னலுக்கு வெளியே தோப்பில் பெங்களூரா மாங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நோட்டிலும் மாங்காய் இல்லை.

காகிதம் மடிக்க, களிமண் பிசைய, தூரிகை பிடிக்க வீடியோ நன்றாகவே உதவும். கை வேலை கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் எதை வரைவது என்பதையும் வீடியோவே முடிவு செய்தால், பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. எங்கள் ஊர் அம்மாக்கள் மார்கழியில் போனைப் பார்த்துத்தான் கோலம் போடுகிறார்கள். புள்ளிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, வாசல் அகலத்துக்குக் கூட்டிக் குறைத்துத் தங்கள் இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். இணையத்தை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு வேறொன்று செய்து பார்த்தேன். மல்லப்பாடி எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை மேல் ஆட்கள் வரைந்த பழங்கால ஓவியம் இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேரை அழைத்துப்போய்ப் பாறை ஏற்ற எனக்குத் தைரியம் இல்லை. இணையத்தில் கிடைத்த போட்டோவைத் திரையில் போட்டேன். மூன்று நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். திரையை அணைத்தேன். குவாரியில் கேட்டு வாங்கிவந்த கிரானைட் உடைசலை ஆளுக்கொன்று கொடுத்து, சாக்பீஸால் நினைவிலிருந்து வரையச் சொன்னேன். ஒரு பையன் குதிரைக்கு ஐந்து கால் போட்டிருந்தான். ஏனென்று கேட்டால், “ஓடுதுல்ல சார்” என்றான். அன்று முப்பத்தெட்டுக் கல்லிலும் வேறு வேறு குதிரை.

சிக்கல் என்னவென்றால், அந்தப் போட்டோ சின்னது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைகிறது. கோடு எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகள் கேட்டால் என்னால் காட்ட முடியவில்லை. வெளிநாட்டு ஓவியங்களைத் தூரிகைத் தடம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்க இணையத்தில் வழி இருக்கிறது. நம் மாவட்டத்துப் பாறைக்கு அப்படி ஒரு படம் என் கண்ணில் படவில்லை.

நடுகல்லும் அப்படித்தான். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுவதும் பல இடங்களில் நடுகல்லைத்தான். மஞ்சளும் குங்குமமும் பூசித் தொட்டுக் கும்பிடுகிற பிள்ளைகள், அந்த வீரன் கையில் வில்லா வாளா, நெஞ்சில் அம்பு தைத்திருக்கிறதா, காலடியில் மூக்கு வைத்த கெண்டிச் செம்பு இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

2023-இல் வந்த, பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலியில் பாடங்களுக்கு நல்ல காணொலிகள் இருக்கின்றன. அதே அக்கறையோடு இரண்டு மாவட்டத்துப் பாறை ஓவியங்களையும் நடுகற்களையும் நல்ல கேமராவில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். உச்சி வெயிலில் எடுத்தால் செதுக்கல் தெரியாது. செய்முறை வீடியோ எதுவும் சேர்க்க வேண்டாம். படம் மட்டும் போதும். அஞ்செட்டி மலைப் பக்கம் சிக்னலை நம்பிப் பாடம் நடத்த முடியாது என்பதால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் நல்லது.

எங்கள் வட்டாரப் பள்ளிகளுக்கு வேண்டிய பென் டிரைவை நானே வாங்கித் தருகிறேன். படமெடுக்க அனுமதி மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பர்கூர் வட்டாரம்