அரசுப் பள்ளிக்கு மருத்துவ முகாம் நடத்த வரும் தன்னார்வ அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். விடுமுறை நாளையும் கைக்காசையும் செலவழித்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் உடல்நிலையைப் பார்க்க வருகிறீர்கள். மனமார்ந்த நன்றி. பள்ளி நலப் பணியில் இருக்கும் செவிலியர்கள், கண் பரிசோதகர்கள், ஆசிரியர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முகாமுக்கு நாள் குறிக்கும்போதே, திரும்பி வரும் நாளையும் குறித்துவிடுங்கள்.

வருவதற்கு முன் அந்த வட்டாரத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசுங்கள். 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிகளுக்கு வருகிறது. அவர்கள் போன மாதம் பார்த்த பிள்ளைகளையே நீங்களும் பார்ப்பதைவிட, அவர்கள் எழுதிக்கொடுத்தும் மருத்துவமனைக்குப் போகாத பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் பெரும் உதவி. ஜூன், ஜூலை நல்ல காலம். அப்போது பார்த்தால் காலாண்டுத் தேர்வுக்குள் கண்ணாடி கைக்கு வந்துவிடும். பிப்ரவரியில் பார்த்தால் கண்ணாடி வருவதற்குள் ஆண்டே முடிந்துவிடும்.

ஒரே நாளில் 600 பேரைப் பார்க்கத் திட்டமிடாதீர்கள். இரண்டு கண்ணையும் ஒழுங்காகப் பார்க்க ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம் வேண்டும். கண் பார்க்கும் எழுத்து அட்டை ஒன்று, 3 மணி நேரம் என்றால் 90 பேர்தான். அதற்கு மேல் போனால் எங்கோ அவசரப்பட்டிருக்கிறோம் என்று பொருள்.

கண் பார்க்கும் இடத்தில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 6 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் அட்டை என்றால் 6 மீட்டர்தான். காலடி வைத்து அளக்காமல் கயிறு பிடித்து அளந்து தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். அட்டை பிள்ளையின் கண் மட்டத்தில் இருக்கட்டும், பின்னால் ஜன்னல் வேண்டாம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு அட்டை தெரியவே கூடாது. பத்தாவது பிள்ளை வருவதற்குள் எழுத்தெல்லாம் மனப்பாடமாகிவிடும். நல்லெண்ணத்தில் பின்னாலிருந்து சொல்லியும் கொடுப்பார்கள். ஆங்கில 'E' எழுத்தை நான்கு பக்கமும் திருப்பிப் போட்ட அட்டையானால், கையால் திசை காட்டச் சொல்லலாம்.

கண்ணை மறைக்கச் சொன்னால் பிள்ளை விரல்களை விரித்து நடுவே பார்க்கும். அல்லது உள்ளங்கையால் அழுத்திவிடும்; பிறகு அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சிறிது நேரம் மங்கலாகவே தெரியும். கெட்டி அட்டைத் துண்டு ஒன்றைக் கொடுத்து அழுத்தாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அட்டையில் 6/9 என்று குறித்த வரிசையில் பாதிக்கு மேல் சொல்ல முடியாவிட்டால், ஒரு கண்ணில் மட்டும் அப்படி இருந்தாலும், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கண் நன்றாகத் தெரியும் பிள்ளை குறை சொல்லாது, வீட்டிலும் தெரியாது. சரியாகப் பயன்படாமல் பார்வை வளராத 'சோம்பல் கண்ணுக்கு' ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். ஆகவே ஒன்றாம், இரண்டாம் வகுப்பை விட்டுவிடாதீர்கள்.

கம்ப்யூட்டர் டெஸ்ட் எடுத்து அங்கேயே கண்ணாடி கொடுத்துவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் கருவிக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்குவதால் இல்லாத கிட்டப்பார்வையும் இருப்பதாகக் காட்டும். கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் சரியான பவர் கிடைக்கும். சொட்டு விட்டபின் வெயிலில் கண் கூசும், கிட்டத்தில் உள்ளதைப் படிக்க முடியாது. அதனால் அந்த வேலை மருத்துவமனையில், தேர்வில்லாத நாளில் நடக்கட்டும். ஃபிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பிடிக்காத கண்ணாடி பைக்குள்தான் கிடக்கும்.

ஹீமோகுளோபின் பார்ப்பதானால், மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தி, முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்து காட்டும். கையைக் கழுவித் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குத்தினால் தானாக வரும். பரிசோதனைப் பட்டை உள்ள டப்பாவைத் திறந்தபடி வைத்தால் ஈரக் காற்றில் கெட்டுவிடும். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்குக் கீழும், 12 முதல் 14 வரை 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை. 8 கிராமுக்குக் கீழ் என்றால் அன்றே பெற்றோரிடம் பேச வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை பள்ளியிலேயே வாராவாரம் உண்டு. டானிக் பாட்டிலை நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவ அலுவலரிடம் பெயர்ப்பட்டியலைக் கொடுங்கள். ஊசிகளை, ஊசி துளைக்க முடியாத கெட்டி டப்பாவில் போட்டுத் திரும்ப எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக் குப்பைத்தொட்டியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பெண் பிள்ளைகளைப் பார்க்கப் பெண் செவிலியர் இருக்க வேண்டும். பேன், படை, இரத்தசோகை என்று பெயரோடு சேர்த்து உரக்கச் சொல்லாதீர்கள். அடுத்த நாள் அதுவே பட்டப்பெயராகிவிடும். படமும் வேண்டாம்.

இனி, சீட்டு. "மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினால் அது புத்தகப் பையிலேயே மடங்கிக் கிடக்கும். எந்த மருத்துவமனை, எந்தக் கிழமை, எந்த அறை, என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதுங்கள். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு மருத்துவமனை என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. முகாமுக்குப் பந்தலும் பேனரும் போடும் பணத்தில் ஒரு வேன் அமர்த்தி, ஒரே நாளில் எல்லாரையும் அழைத்துப் போய்வரலாம். இதய அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பத்துக்கு அதை வாங்கித் தருவதும் மருத்துவ உதவிதான்.

மூன்று மாதம் கழித்து வாருங்கள். எழுதிக்கொடுத்தவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், எத்தனை மூக்கில் கண்ணாடி இருக்கிறது என்று வகுப்பு வகுப்பாக எண்ணுங்கள். உங்கள் அறிக்கையில் முதல் வரியாக அந்த எண்ணிக்கை வரட்டும். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் இரண்டு தேதிகளை எழுதுங்கள்: முகாம் நடக்கும் தேதி, நீங்கள் திரும்பி வரும் தேதி.

இப்படிக்கு,
பள்ளி நலப் பணியாளர்கள்