எந்தச் சொல்லுக்கு எங்களிடம் பணம் எடுத்தீர்கள்?

தேடல் விளம்பர ஏலத்தை நடத்தும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சிறு தொழில் செய்பவர்களின் விளம்பரக் கணக்குகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. கூகுள் போன்ற தளங்களில் ஒருவர் எதையாவது தேடும்போது முடிவுகளோடு வரும் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது, அதை அவர் க்ளிக் செய்தால் விளம்பரதாரரிடம் பணம் எடுக்கப்படுகிறது. சென்ற மாத அறிக்கையில் ஒரு கணக்கின் செலவில் பாதிக்கு மேல் ‘பிற தேடல் சொற்கள்’ என்ற ஒற்றை வரிக்குள் போயிருந்தது. எத்தனை க்ளிக், எவ்வளவு பணம் என்பதெல்லாம் இருக்கிறது. எதைத் தேடி வந்தவர் க்ளிக் செய்தார் என்பது மட்டும் இல்லை. விளம்பரத்தை நடத்தும் நிறுவனத்தின் உதவி மையத்துக்கு எழுதிக் கேட்டேன். தனியுரிமைக் கொள்கை என்று பதில் வந்தது. ஆகவே உங்கள் எல்லோருக்குமாகப் பொதுவில் எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். எந்தச் சொல்லுக்குப் பணம் எடுக்கிறீர்களோ, அந்தச் சொல்லைக் காட்டுங்கள்.

தையல் மெஷின் பழுதுபார்க்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தன் தொழிலுக்குரிய கீவேர்டுக்கு, அதாவது எதைத் தேடினால் தன் விளம்பரம் வரவேண்டுமோ அந்தச் சொல்லுக்கு, ஏலத்தொகை வைக்கிறார். தொடர்புள்ள தேடல்களையும் சேர்த்துக்கொள்ளும் ‘பிராட் மேட்ச்’ முறை அந்தக் கீவேர்டை இழுத்து நீட்டி, தையல் வகுப்பு தேடுபவருக்கும், பழைய மெஷினை விற்க நினைப்பவருக்கும், கையேட்டை இலவசமாக இறக்கிக்கொள்ள வந்தவருக்கும் அவர் விளம்பரத்தைக் காட்டுகிறது. இவர்கள் க்ளிக் செய்தாலும் பணம் போகும், வேலை வராது. இதைத் தடுக்க அவர் கையில் இருக்கும் நேரான கருவி நெகட்டிவ் கீவேர்டு. ‘வகுப்பு’ என்ற சொல் வந்தால் என் விளம்பரம் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். ஆனால் வந்த சொல் எதுவென்றே தெரியாதவர் எதை விலக்குவார்? மதியத்துக்குள் பட்ஜெட் தீர்ந்துவிடுகிறது. மாலையில் மெஷின் நின்றுபோய், ஆள் வேண்டுமே என்று தவிப்போடு தேடுபவரின் கண்ணில் இவர் பெயர் படுவதேயில்லை. கீவேர்டுக்கு நேராகப் பொருந்தும் தேடலுக்கு மட்டும் என்று சொல்லப்படும் ‘எக்ஸாக்ட் மேட்ச்’ வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். கூகுளில் இப்போது அதுவும் சொல்லுக்குச் சொல் பொருந்துவதில்லை. 2018 முதல், அதே பொருள், அதே நோக்கம் என்று கணினி கருதும் தேடல்களும் அதற்குள் வந்துவிடுகின்றன.

தேடியவர் யாரென்று நாங்கள் கேட்கவே இல்லை. யாராவது தன் பெயரையோ ஃபோன் எண்ணையோ சேர்த்துத் தட்டியிருந்தால் அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மீதியைக் காட்டுங்கள். சிலர் மட்டுமே தேடிய சொல், அதனால் காட்ட முடியாது என்பது உங்கள் விளக்கம். அதே சொல்லை ஏலத்தில் விடுவதற்கு மட்டும் அது ஏன் தடையாக இல்லை? எந்த ஏலத்திலும் பொருளைக் காட்டிய பிறகுதான் ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுவார்கள்.

விலை விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் சொல்லை மறைப்பதும் விலையை மறைப்பதும் ஒரே முடிச்சு. 1998இல் கோடூ.காம் என்ற தேடல் தளம் க்ளிக்குக்கு இவ்வளவு என்று ஏலம் விடத் தொடங்கியபோது, யார் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கேட்ட தொகையே விலையாக இருந்ததால் ஒருவரை ஒருவர் ஒரு சென்ட் முந்துவதே வேலையாகிப்போனது. 2002இல் கூகுள் கொண்டுவந்த முறை அதைச் சரிசெய்தது. ஏலத்தொகையோடு விளம்பரத்தின் தரமும் சேர்ந்து இடத்தைத் தீர்மானிக்கும். வென்றவர் தன் இடத்தைத் தக்கவைக்கத் தேவையான அளவு மட்டும் கொடுத்தால் போதும். நான் 6 கேட்டு என் தரம் 8 என்றால் பெருக்கினால் 48. போட்டியாளர் 8 கேட்டு அவர் தரம் 5 என்றால் 40. குறைவாகக் கேட்ட நான்தான் மேலே வருவேன், அவருடைய 40ஐ என் தரமான 8ஆல் வகுத்தால் வரும் 5க்குச் சற்று மேலே கொடுப்பேன். நல்ல விளம்பரம் எழுதியவருக்குச் செலவு குறையும். இந்த யோசனையை நான் இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் இந்தக் கணக்கை எங்களால் சரிபார்க்க முடியாது. போட்டியாளர் கேட்ட தொகை தெரியாது. விளம்பரத்தின் தரத்துக்கு மதிப்பெண்ணாகத் திரையில் 1 முதல் 10 வரை காட்டும் குவாலிட்டி ஸ்கோர் வெறும் வழிகாட்டி, ஏலத்தில் புகும் எண் வேறு. கீழே போட்டியாளரே இல்லாவிட்டாலும் நீங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச வரம்பு விலையைத் தூக்கிவிடும். அமெரிக்க அரசு கூகுள்மீது தொடுத்த ஏகபோக வழக்கில் 2023இல் கூகுளின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஒருவர் சாட்சி சொன்னார். விளம்பரதாரர்களுக்குத் தெரிவிக்காமலே விலை சுமார் 5 சதவீதம் உயர்த்தப்பட்டதுண்டு, சில தேடல்களில் 10 சதவீதம் வரையும் போயிருக்கலாம் என்றார். 2024 ஆகஸ்டில் அதே வழக்கின் நீதிபதி அமித் மேத்தா, தேடல் எழுத்து விளம்பரங்களில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்தது என்று தீர்ப்பளித்தார். பெரிய நிறுவனங்களுக்கு இதெல்லாம் லாபத்தில் சிறு குறைவு. நாள் பட்ஜெட்டை எண்ணி எண்ணி வைக்கும் ஒருவருக்கு அது அந்த மாத வருமானம். போட்டி இல்லாத சந்தையில் வேறு எங்கே போய் விளம்பரம் கொடுப்பது என்று அவர்கள் என்னைக் கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை.

விலை நிர்ணயம் முழுவதையும் திறந்துவைக்கச் சொல்ல இந்த மடல் போதாது என்று அறிவேன். அந்த வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும். சொற்களைக் காட்ட எந்தத் தீர்ப்பும் தேவையில்லை, உங்கள் முடிவு ஒன்றே போதும். பணம் எடுக்கப்பட்ட ஒவ்வொரு க்ளிக்குக்கும் உரிய தேடல் சொல் அறிக்கையில் வரவேண்டும். காட்ட இயலாத சொற்கள் இருந்தால், அவற்றில் எங்கள் விளம்பரம் வேண்டாம் என்று நிறுத்திக்கொள்ள ஒரு வசதியாவது கொடுங்கள். பொறுப்பில் இருக்கும் ஒருவர் கையெழுத்திட்டுப் பதில் எழுதினால் நன்றியோடு வாசிப்பேன்.

இப்படிக்கு,
சிறு விளம்பரதாரர்களின் கணக்குகளைக் கையாளும் ஒருவர்