அந்தப் படம் வேண்டாம், பாப்பா

நாமக்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் வைத்துக்கொண்டு பேசி முடிக்கிற விஷயமா அது? அதனால்தான் எழுதுகிறேன்.

பாலியல் தொழில் நடப்பதாக மசாஜ் நிலையம் ஒன்றில் போலீசார் நடத்திய சோதனையின் காட்சிகள் உங்கள் செய்தி அறைக்கு வந்தன என்றாய். முகத்தை மங்கலாக்கி ஒளிபரப்பலாம் என்று ஒரு தரப்பும், கூடவே கூடாது என்று ஒரு தரப்பும் மோதிக்கொண்டதாகச் சொன்னாய். "பெண்களைக் காட்ட வேண்டாம், வந்து போன ஆண்களின் முகத்தைக் காட்டுங்கள், அப்போதுதான் பயம் வரும்" என்பது உன் கட்சி. உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இரண்டு படமும் வேண்டாம் என்பேன்.

எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தருகிற நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக நான் வேலை பார்த்த காலம் உனக்கு நினைவிருக்கும். இது லாரி ஊர். ஓட்டுநர்கள் வருவார்கள், அவர்களுடைய மனைவிமார் வருவார்கள், பாலியல் தொழிலுக்குப் போகிற பெண்களும் வருவார்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்ததும் நோயைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். "அக்கா, இந்தப் பதிவேட்டை வேறு யார் பார்ப்பார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு நம்பும்படியாகப் பதில் சொன்ன பிறகுதான் ரத்தம் எடுக்கக் கையை நீட்டுவார்கள்.

அவர்களில் ஒருத்தியை வாடகை வீடு ஒன்றில் வைத்துப் பிடித்தார்கள். மறுநாள் மாலைப் பத்திரிகையில் படம் வந்துவிட்டது. நான்கு பெண்கள் சுவர் ஓரமாக நிற்கிறார்கள். இவள் முந்தானையை இழுத்து முகம் முழுவதையும் மூடியிருக்கிறாள், கண்கூடத் தெரியவில்லை. ஆனால் அந்த மாம்பழ நிறப் புடவையும் பச்சைக் கரையும் அவள் தெருவுக்கே தெரியும். தீபாவளிச் சீட்டுப் போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் போய் எடுத்த புடவை அது. போதாததற்கு முந்தானையைப் பிடித்திருந்த கையில் எண்ணெய் தெறித்த தழும்பு பளிச்சென்று விழுந்திருந்தது. அன்று மாலையே வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒன்பதாம் வகுப்பில் படித்த அவளுடைய மகளின் பள்ளியில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே, யாரோ அந்தப் பக்கத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தப் பிள்ளை அதன் பிறகு பள்ளிக்கூடத்தை மிதிக்கவில்லை. வழக்கில் தாய்க்குக் கிடைத்தது அபராதம் மட்டுமே. அதைக் கட்டிவிட்டாள். மாத்திரை வாங்க வருவது அதோடு நின்றது. தேடிப் போனபோது வீட்டில் வேறு குடித்தனம் இருந்தது.

முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல். ஊரார் அடையாளம் கண்டுகொள்ள முகம் தேவையில்லை. புடவை, நடை, மெட்டி, பின்னால் தெரிகிற வாசல், வாசலில் நிற்கிற ஸ்கூட்டர், ஏதாவது ஒன்று போதும்.

சட்டத்தையும் ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பார். விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்கிறோமே, அது 1956இல் வந்த சட்டம், 1986இல் திருத்தி இம்மாரல் டிராஃபிக் (பிரிவென்ஷன்) ஆக்ட் என்ற இப்போதைய பெயரை வைத்தார்கள். வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் தொழில் செய்வதை மட்டும் வைத்து அது குற்றம் என்று சொல்லவில்லை. பாலியல் தொழில் விடுதி நடத்துவது, அந்த வருமானத்தில் பிழைப்பது, ஆள் பிடித்துத் தருவது, பொது இடத்தில் அழைப்பது, இவை போன்றவைதான் குற்றம். அதிலும் கொடுமை என்னவென்றால், இரண்டு பெண்கள் பாதுகாப்புக்காக ஒரே வீட்டில் சேர்ந்திருந்து தொழில் செய்தாலே அந்த வீடு விடுதி ஆகிவிடும். தனியாக இருந்தால் அடி, சேர்ந்து இருந்தால் வழக்கு. எட்டாம் பிரிவை எடுத்துப் பார். பொது இடத்தில் அழைத்த குற்றத்துக்குப் பெண்ணுக்கு முதல் முறையே ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதே குற்றத்தைச் செய்த ஆணுக்கு உச்சமே மூன்று மாதம்தான்! உன் கோபத்துக்கு உண்மையான இடம் இதுதான் பாப்பா. இதைப் பற்றிச் செய்தி போடுங்கள்.

சோதனைக்கு யார் யார் போக வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பெண் போலீசார் குறைந்தது இரண்டு பேர் உடன் போக வேண்டும். மீட்கப்பட்ட பெண்ணை விசாரிப்பதும் பெண் போலீசாக இருக்க வேண்டும், அவர் இல்லாவிட்டால் அங்கீகாரம் பெற்ற நல அமைப்பின் பெண் உறுப்பினர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். சாட்சிக்கு அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஆட்கள் வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். கேமராவுக்கு அங்கே என்ன வேலை? எந்த நீதிபதியும் எழுதாத தண்டனையை, வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன்பே, கேமரா கொடுத்துவிடுகிறது. மேல்முறையீடும் கிடையாது.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவை உங்கள் ஆசிரியர் மேசையில் வை. கொல்கத்தாவில் 1999இல் ஒரு பாலியல் தொழிலாளி கொலை செய்யப்பட்ட வழக்கில் தொடங்கி, இந்தப் பெண்களின் வாழ்வுரிமை வரை வந்து நின்ற வழக்கு அது. சோதனை, கைது, மீட்பு எதுவானாலும், அந்தப் பெண் பாதிக்கப்பட்டவராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், அடையாளம் வெளிப்படும் படத்தை வெளியிடவோ ஒளிபரப்பவோ கூடாது என்று ஊடகங்களுக்கு வழிகாட்டும்படி பத்திரிகை கவுன்சிலுக்கு அதில் சொல்லியிருக்கிறார்கள். மீட்பைக் காட்டுகிறோம் என்ற போர்வையில் வாடிக்கையாளரோடு சேர்த்து அவர்களைக் காட்டினால், பெண்களை ஒளிந்திருந்து படம் பிடிப்பதற்கு எதிரான, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவை (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு) ஊடகங்கள் மீது கண்டிப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதற்கு மேல் செய்தி அறையில் வாக்குவாதம் எதற்கு?

அந்தப் பெண்களுக்கு வெட்கம் எப்போதோ போய்விட்டது என்று உன் சக ஊழியர் சொன்னாராமே, அதைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. 1986இல் நம் நாட்டில் எச்ஐவி முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தை நிர்மலா என்ற இளம் மருத்துவர் சேகரித்தார். அவருக்கு வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். அந்தப் பெண்கள் கை நீட்டியதால்தான் நாடு விழித்துக்கொண்டது. அதற்குக் கைம்மாறாக என்ன கிடைத்தது? நோய் இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்த பிறகும் வெளியே விடாமல் அடைத்து வைத்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் அவர்களை மீட்க வேண்டியிருந்தது. பெயரும் முகமும் வெளியே போய்விடும் என்று பயந்தால் எந்தப் பெண் பரிசோதனைக்கு வருவாள்?

இனி ஆண்களின் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்று ஒரு சிறிய ஊர். 2012இல் அங்கே நடனப் பயிற்சி நிலையம் நடத்திய ஒரு பெண்மீது, பாலியல் தொழில் செய்ததாக வழக்கு வந்தது. வாடிக்கையாளர்களின் பெயர்களைப் போலீசார் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். முதலில் முகவரி, வயது எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் வந்தது. அதே பெயர் கொண்ட, எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆண்கள் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நம் ஊரில் ஒரே தெருவில் எத்தனை முருகேசன், எத்தனை செந்தில்! சரியான ஆளின் முகமே வந்தாலும், மறுநாள் காலையில் கோலம் போட வாசலுக்கு வர முடியாமல் உள்ளே இருக்கப்போவது அவன் மனைவிதான். அவளும் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் செய்த தவறு என்ன?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை வெளியில் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. படம் வந்துவிடும் என்ற பயம்தான் புரோக்கரின் முதலீடு. "பேப்பரில் போடச் சொல்லட்டுமா?" என்ற ஒரே மிரட்டலுக்காக வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நீங்கள் ஒளிபரப்புகிற ஒவ்வொரு காட்சியும் அந்த மிரட்டலுக்கு வலு சேர்க்கிறது. ஆண்களின் முகத்தைக் காட்டத் தொடங்கினால் மிரட்டுவதற்குப் புதிதாக ஒரு கூட்டம் கிடைக்கும், அவ்வளவுதான்.

எந்த நாட்டுச் சட்டம் நல்லது என்றும் கேட்டாய். ஸ்வீடன் 1999 முதல் விற்கிற பெண்ணை விட்டுவிட்டு வாங்குகிற ஆணைத் தண்டிக்கிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் வருகிறவன் போலீசுக்குப் பயந்தால், அவன் அழைக்கிற இருட்டான இடத்துக்கு அவள் போக வேண்டியிருக்கும் என்று தொழிலில் இருக்கும் பெண்களின் அமைப்புகள் சொல்கின்றன. இங்கே லாரிகள் நிற்கிற சாலையோரங்களைப் பார்த்த எனக்கு அந்த வாதம்தான் உறைக்கிறது. நியூசிலாந்து 2003இல் வயது வந்தவர்களின் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. நாடாளுமன்றத்தில் 60க்கு 59, ஒரே ஓட்டு வித்தியாசம். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவர்களைப் பயன்படுத்துவது அங்கேயும் குற்றம்தான். தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்பது பெரிய ஓட்டை. இருந்தாலும் என் ஓட்டு அந்தப் பக்கம். அடி வாங்கிய பெண் பயமில்லாமல் காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுக்க வழி செய்கிற சட்டம்தான் எனக்கு வேண்டும். குழந்தைகளையும் ஏமாற்றிக் கடத்தி வந்தவர்களையும் விற்கிறவனுக்கு மட்டும் எந்தச் சலுகையும் கூடாது. உன் அப்பாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்தத் தொழிலே இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. படம் வேண்டாம் என்பதில் மட்டும் அவரும் என்னோடு சேர்ந்துகொண்டார்.

நாளை செய்தி அறையில் உன்னால் தனியாக எல்லோரையும் மாற்றிவிட முடியாது, தெரியும். அந்தக் காட்சியை எடுத்துவிட்டுச் செய்தியை மட்டும் வாசிக்கச் சொல். புரோக்கர் யார், கட்டடம் யாருடையது, மீட்ட பெண்களை எந்தக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து அவர்கள் விரும்பினால் வெளியே வர முடியுமா, இதையெல்லாம் நிருபரைக் கேட்கச் சொல். பழைய சோதனைகளின் காட்சிகள் உங்கள் நிறுவனத்தின் யூடியூப் சேனலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று நீயே சொன்னாய். அவற்றை நீக்கும் பொறுப்பு யாருடையது, எழுத்து மூலம் கேட்க வேண்டுமா என்று விசாரித்து எழுது. மனு எப்படி எழுத வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

இரவுப் பணி நாட்களில் வெறும் டீயோடு இருந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா