தறியை நிறுத்திய அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரிதான் மண்டபத்தைக் காலி செய்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். கண் எரிகிறது, ஆனால் தூக்கம் வரவில்லை, அதனால் இதை இப்போதே எழுதிவிடுகிறேன். ஆடி கடைசி வெள்ளிக்கிழமை என் வண்டிக்கு என்ன ஆனது என்று சோமனூரில் பாதிப் பேருக்குத் தெரியும், போட்டோவைப் போட்டுப் புலம்பியதும் நான்தான். அடித்த பெயிண்ட் காய்வதற்குள் பக்கத்து வீட்டுத் தறிப் பஞ்சு பறந்து வந்து ஒட்டி எல்லாம் பாழாகிவிட்டது, அவ்வளவுதான். அதைத் திரும்பக் கிளறப் போவதில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு அப்பாருவின் பழைய பத்மினி கார் வந்து நின்றது, மாப்பிள்ளை அதில்தான் இறங்கினார், அது போதும்.

முதலில் ஒரு பெரிய கும்பிடாகப் போட்டுவிடுகிறேன். பத்மினிக்குத் தனியாக சேஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் எல்லாமே. கதவுக்கு அடியில் ஓடுகிற தகடு துருப்பிடித்துப் போனால் முதுகெலும்பே போன மாதிரி. முன்பு வேலை பார்த்த ஒரு புண்ணியவான் அந்த ஓட்டையில் விரல் கனத்துக்குப் பட்டியை அப்பி மூடியிருந்தார், காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் கீழே விழுந்தது. அதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்து, சூட்டில் நெளியாமல் இருக்க இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று பொறுமையாகப் பற்றவைத்துக் கொடுத்த டிங்கர் மாமாவுக்கும், பொள்ளாச்சியிலிருந்து கம்ப்ரசரை ஆட்டோவில் ஏற்றி வந்த மச்சானுக்கும், நசுங்கிப் போன வீல் கப்பைத் தட்டி உருண்டையாக்கித் தந்த அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரருக்கும், உக்கடத்தில் கடை கடையாக ஏறி இறங்கிக் கதவு ரப்பர் தேடிய சித்தப்பா பையனுக்கும் நன்றி. வெயிலே படாத டேஷ்போர்டு அடியில் பழைய நிறத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஏற்றபடி கலந்து கொடுத்த பெயிண்ட் கடை அண்ணனுக்கும். ஆர்.சி. புக்கில் இருக்கும் நிறத்தை மாற்றினால் அப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்க யாரால் முடியும்? வாட்டர் பேப்பர் பிடித்துத் தேய்த்துக் கை வெந்த பொடியன்களே, உங்களுக்குப் பிரியாணி பாக்கி இருக்கிறது, மறக்கவில்லை.

இப்போது பக்கத்து வீட்டு அண்ணனுக்கு.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம், அன்றைக்கு அடித்ததையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டுத் திரும்பவும் பிரைமர் வரைக்கும் வந்திருந்தேன், முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடி, பளபளப்பு நிற்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அது இறுகுவதற்குக் கலக்கிற ஹார்டனரில் மூச்சுக்கு ஆகாத ஐசோசயனேட் இருக்கிறது, வீட்டில் துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை. காய்வதற்கும் நேரம் எடுக்கும், அதுவரைக்கும் பறக்கிற தூசியெல்லாம் அதில்தான் உட்காரும். அதனால் சீக்கிரம் காய்கிற என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்தான். ஆனால் அதுவும் கேட்கவில்லையே. ஆடிக் காற்றில் அம்மியே பறக்குமாம், பஞ்சு பறக்காதா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பத்து மணிக்கு மேல் கிளம்பினால் தார்ப்பாயாவது ஒன்றாவது. விடியற்காலையில் அடிக்கலாம் என்றால் பனி ஈரத்துக்கு என்.சி. பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். நடுவில் கிடைப்பது இரண்டு மூன்று மணி நேரம்.

சனிக்கிழமை சாயங்காலம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலை தெரிந்தது. "ஏனுங்க தம்பி, நாளைக்கா அடிக்கறீங்க?" ஆமாங்கண்ணா என்றேன். "எங்களுக்குப் பாவு தீந்து போச்சுங்க, எப்படியும் தறி நிக்கத்தான் போகுது. நீங்க நிம்மதியா அடிங்க." அவ்வளவுதான் பேச்சு. பாவு என்றால் தறியில் நெடுக்காக ஓடுகிற நூல், அது தீர்ந்தால் தறி ஓடாது.

ராத்திரி எட்டு மணிக்கு எட்டுத் தறியும் நின்றது. இந்த வீதியில் பிறந்து வளர்ந்தவன் நான், கரண்ட் போனால் தவிர அந்தச் சத்தம் நின்று கேட்டதில்லை. ஆத்தா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, "கரண்டு போயிருச்சா கண்ணு?" என்று கேட்டது, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் அண்ணன் வீட்டு அக்கா எங்கள் வாசலையும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது, புழுதி கிளம்பக் கூடாதாம். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் ஆரம்பித்தேன். ஒரு சுற்று அடித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு நூல்கூட இல்லை. அப்படியே பானட்டைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் நின்றேன், ஸ்பிரே கன்னைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வடையோடு நன்றி சொல்லப் போனபோதுதான் பார்த்தேன். தறி ஓட ஆரம்பித்திருந்தது, பாவு சுற்றியிருக்கும் பீமில் பாதிக்கு மேல் நூல் இருந்தது. ஒன்றில் இல்லை, நான் எட்டிப் பார்த்த நான்கிலும். எட்டுத் தறியிலும் ஒரே நாளில் எப்படிப் பாவு தீரும் என்று தறிக்காரர்கள் ஊரில் இருந்துகொண்டு எனக்கு உறைக்கவில்லை பாருங்கள். அண்ணன் நெய்வது கூலிக்கு, மீட்டருக்கு இத்தனை பைசா என்று. ஓடாத தறிக்கு யாரும் காசு தர மாட்டார்கள். வேலைக்கு வருகிற இரண்டு பேருக்கும் அன்றைய கூலியை அவர் கையிலிருந்து கொடுத்திருக்கிறார், அதுவும் அக்கா வாய் தவறிச் சொல்லித்தான் தெரியும். நான் அதைக் கேட்கப் போனால், "வடை சூடா இருக்குது, சாப்பிடுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பிளஸ் டூ படிக்கும்போது தறிச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று இதே சுவருக்கு மேல் எட்டி நான் கத்தியிருக்கிறேன் அண்ணா. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. மூன்று மாதமாக ராத்திரி பத்து மணி வரைக்கும் கம்ப்ரசரை ஓடவிட்டவனும் நான்தான், நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இனி ஏழு மணிக்கு மேல் அதன் சுவிட்சைத் தொட மாட்டேன். உங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் வண்டி உங்கள் வாசலில் நிற்கும், டிரைவர் நான்தான், பெட்ரோலும் என்னுடையது.

அப்புறம் உங்கள் குடோன் கேட் அடியில் துரு ஏறியிருப்பதைப் பார்த்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு எனாமல் போட்டுத் தருகிறேன். அக்கா, நிறத்தை மட்டும் சொல்லுங்கள். எனாமல் காய ஒரு நாள் ஆகும், பஞ்சு ஒட்டத்தான் செய்யும். அதற்காகத் தறியை நிறுத்திவிடாதீர்கள்.