முத்திரை விழுந்த பறவை

அன்பு நண்பா,

உன் கடிதம் நேற்று வந்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் மனசு நிறைந்துவிட்டது. இங்கே முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை.

உறையின் மூலையில் ஒரு பறவை வரைந்திருந்தாயே, அஞ்சல் முத்திரை அதன் இறக்கை மேலேயே விழுந்திருக்கிறது. மை லேசாக இழுபட்டு, பறவை இப்போதுதான் எழும்புகிற மாதிரி இருக்கிறது. பாதிப் படத்தை நீ போட்டாய், மீதியைத் தபால்காரர்கள் போட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதமாக அஞ்சல் கலையை, அதாவது படைப்புகளைத் தபாலிலேயே அனுப்பிப் பரிமாறிக்கொள்ளும் கலையை, பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். நியூயார்க்கில் ரே ஜான்சன் என்றொரு ஓவியர். 1950களிலிருந்தே சின்னச் சின்ன ஒட்டுப்படங்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவர். சிலவற்றில் 'இதில் ஏதாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு' என்று எழுதிவிடுவார். 1970இல் விட்னி அருங்காட்சியகத்தில் கண்காட்சி வைத்தபோது தன் படைப்புகளை மாட்டவில்லை. மற்றவர்கள் அனுப்பியவற்றைத்தான் வைத்தார். அந்த மனசு யாருக்கு வரும்!

ஜப்பானில் பிறந்த ஓன் கவாரா வேறு மாதிரி. 1968 முதல் 1979 வரை தினமும் இரண்டு படஅட்டைகள். பின்பக்கம் தேதி, முகவரி, அன்று எழுந்த நேரம், எல்லாம் ரப்பர் முத்திரையில். கையெழுத்து கிடையாது, நலமா என்ற விசாரிப்பும் கிடையாது. 'இன்று எழுந்துவிட்டேன்' என்பது மட்டும்தான். அதைவிட ஒரு நண்பனுக்குச் சொல்ல என்ன இருக்கிறது?

என்னைத் தூங்கவிடாதது உருகுவே கதை. ராணுவ ஆட்சியில், 1977இல், கிளமென்டே பாடினையும் ஹோர்ஹே கராபல்லோவையும் சிறையில் போட்டார்கள். இருவரும் அஞ்சல் கலைஞர்கள். முகமே பார்த்திராத கலைஞர்கள் பல நாடுகளிலிருந்து அவர்களை விடுவிக்கச் சொல்லி எழுதினார்கள். தபால்தலை ஒட்டிப் பழகிய கைகள் அப்போதும் அதையேதான் செய்தன. கண்காட்சி வைத்தால் தேர்வுக்குழு இல்லை, கட்டணம் இல்லை, தபாலில் வந்ததெல்லாம் சுவரேறும் என்ற அஞ்சல் கலை வழக்கத்தில் பழகியவர்களுக்கு, யாரையும் வெளியாள் என்று நினைக்கத் தோன்றாதுதானே.

இத்துடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். ஒரு மரம், பாதிதான் வரைந்திருக்கிறேன். மீதியை நீ வரைந்து அனுப்பு. உறைக்குள் போடாதே, அட்டையாகவே அனுப்பு. முத்திரை மரத்தின் மேலேயே விழட்டும்.

என்றும் உன்,
பழைய நண்பன்