வட கரோலினா நெடுஞ்சாலை வரலாற்றுப் பலகை ஆலோசனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். 1935-இல் தொடங்கிய உங்கள் திட்டத்தின்கீழ் இன்று 1,600-க்கும் மேற்பட்ட பலகைகள் மாநிலச் சாலையோரங்களில் நிற்கின்றன. வண்டியில் போகிறபோக்கில் படித்துவிடத்தக்க சில வரிகளுக்குள் ஒரு வாழ்க்கையையோ நிகழ்வையோ அடக்குவது எளிய வேலையன்று என்பதை அறிவேன். ஆனால் வேற்று நாட்டிலிருந்து இங்கே குடியேறிய என் போன்றோருக்கு இவ்வூர்களின் பழங்கதைகளைச் சொல்லப் பாட்டன் பாட்டி இல்லை. உங்கள் பலகைகளிலிருந்துதான் தெரிந்துகொள்கிறோம். நடந்தது என்ன என்பதோடு, அதைச் செய்தவர் யார், அதன்பின் என்ன ஆயிற்று என்பதையும் பலகைகள் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வில்மிங்டன் நகரை எடுத்துக்கொள்வோம். 1898 நவம்பர் 10 அன்று ஆயுதமேந்திய வெள்ளையர் கும்பல் ஒன்று அலெக்ஸ் மேன்லி நடத்திவந்த 'டெய்லி ரெக்கார்ட்' என்ற கறுப்பினத்தவர் நாளிதழின் அலுவலகத்தைக் கொளுத்தியது. கறுப்பின மக்கள் பலரைக் கொன்றது. குடியரசுக் கட்சியினரும் மக்கள் கட்சியினரும் கூட்டாக அமைத்திருந்த நகராட்சியை அன்றே பதவி விலக வைத்தது. மேன்லிக்கு 1994-இல் பலகை வைத்தீர்கள். அந்த ஆட்சிக் கவிழ்ப்பைக் கவிழ்ப்பென்றே சொல்லும் பலகையோ, மாநில அரசு அமைத்த ஆய்வுக்குழு 2006-இல் அறிக்கை தந்த பிறகும் பல ஆண்டுகள் கழித்து, 2019-இல்தான் திறக்கப்பட்டது. அது துணிவான பலகை. மாண்டோர் எண்ணிக்கை தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறது, மாநிலம் தழுவிய வெள்ளை மேலாதிக்கப் பரப்புரையின் பகுதியே அது என்பதையும் மறைக்கவில்லை. எனினும் கவிழ்ப்பின் தலைவரே மேயரானார் என்று சொல்லிவிட்டு, ஆல்ஃபிரட் மூர் வாடெல் என்ற அவர் பெயரை விட்டுவிடுகிறது. எரிக்கப்பட்ட அலுவலகத்தின் ஆசிரியருக்குப் பெயர் இருக்க, எரித்த கும்பலுக்குத் தலைமை தாங்கியவருக்குப் பெயரில்லாமல் போவது நியாயமாகப் படவில்லை.

கிரீன்ஸ்பரோவில் 2015-இல் வைக்கப்பட்ட பலகை இன்னும் சுருக்கமானது. 1979 நவம்பர் 3 அன்று கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை மேலாதிக்க அமைப்பு, அமெரிக்க நாஜிக் கட்சி ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கம்யூனிஸ்ட் தொழிலாளர் கட்சியினர் ஐவரைச் சுட்டுக்கொன்றனர் என்று அது நேராகவே கூறுகிறது. அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் போகிறவர், கொன்றவர்கள் தண்டிக்கப்பட்டிருப்பார்கள் என்றுதானே எண்ணுவார்? முழுக்க வெள்ளையரைக் கொண்ட நடுவர் குழுக்கள் குற்றஞ்சாட்டப்பட்டோரை இரு முறை விடுவித்ததும், 1985-இல் சிவில் வழக்கில் காவல்துறையினர் சிலரும் ஐவரில் ஒருவரின் சாவுக்குப் பொறுப்பாளிகள் எனக் காணப்பட்டதும் அந்நிகழ்வின் பின்னொட்டு அல்ல, அதன் பாதி.

இதை உங்களால் செய்ய முடியும் என்பதற்கு ராலே நகரில் நிற்கும் இனமேம்பாட்டு வாரியப் பலகையே சான்று. ‘தகுதியற்றோர்’ என்று கருதியவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்க மாநில அரசு நடத்திய வாரியம் அது. 1933 முதல் 1973 வரை 7,600-க்கும் மேற்பட்டோர் மலடாக்கப்பட்டதற்கு மாநிலத்தின் செயலே காரணம் என்று அது எழுதுகிறது. 'விருப்பத்தாலோ வற்புறுத்தலாலோ' என்ற மழுப்பல் நடுவே வந்தாலும், ஓர் அரசு தன் சொந்தச் செலவில் தன்னையே குற்றவாளியாக நிறுத்துவது அரிய காட்சி. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க 2013-இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கப்பட்டது என்ற வரியையும் அங்கே சேர்க்கலாம்.

பழைய பலகைகளில் முதலில் திருத்த வேண்டியது ஆளுநர் சார்ல்ஸ் ஏகாக் பிறந்த இடத்தருகே உள்ளது. 'கல்வி ஆளுநர்' என்று நெடுங்காலம் கொண்டாடப்பட்ட அவர், 1898, 1900 ஆண்டுகளின் வெள்ளை மேலாதிக்கப் பரப்புரைகளின் முன்னணிப் பேச்சாளர். 1900-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் எழுத்தறிவுத் தேர்வின் பெயரால் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தது. 1867-க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தோருக்கும் அவர்களின் வாரிசுகளுக்கும் மட்டும் அத்தேர்விலிருந்து விலக்களித்தது. 1901-இல் ஜார்ஜ் ஹென்றி வைட் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேறிய பின், 1992 தேர்தல் வரை இம்மாநிலத்திலிருந்து ஒரு கறுப்பினத்தவரும் அங்கே செல்லவில்லை. வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் இருந்த ஏகாக் சிலையே 2024-இல் மாற்றப்பட்டுவிட்டது. சாலையோரப் பலகையை மாற்றுவது அதைவிடக் கடினமாக இராது.

விரிவான கட்டுரைகள் உங்கள் இணையத்தளத்தில் உள்ளன என்று நீங்கள் விடை கூறலாம். அவை நல்ல கட்டுரைகள்; ஆனால் பலகையைக் கடந்து செல்வோரில் பெரும்பாலோர் அவற்றைத் தேடிப் படிப்பதில்லை. எல்லாப் பலகைகளையும் ஒரே ஆண்டில் பிடுங்குமாறு நான் கேட்கவில்லை. வாகனம் மோதியோ வண்ணம் உதிர்ந்தோ மறுவார்ப்புக்கு வரும் ஒவ்வொரு பலகையின் வாசகத்தையும் உங்கள் கூட்டத்தில் மீண்டும் படித்து, திருத்திய பிறகே வார்ப்பாலைக்கு அனுப்புவது என்று ஒரு விதி செய்யுங்கள். ஏகாக், கிரீன்ஸ்பரோ பலகைகளை மட்டும் அதற்காகக் காத்திராமல் அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ராலே பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தவர்