ஆட்பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வாசகர் ஒருவர் நாள்தோறும் நம் நாவில் புழங்கும் அயற்சொற்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்குத் தமிழ்ப் பெயர்களையும் தந்திருந்தார். பேருந்து, கணினி போல அவற்றுள் சிலவேனும் நிலைபெறும் என்று நம்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் அவருடைய உழைப்பை மனமார வரவேற்கிறேன். ஆனால் டீசல், பெட்ரோமாக்ஸ், பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் எழுத்தான பிரெயில் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இவை மனிதர்களின் பெயர்களிலிருந்து வந்தவை.

ஆட்பெயரைத் தனித்துக் காட்டும் பெரிய எழுத்து தமிழில் கிடையாது என்பதால், அச்சில் பார்க்கும்போது இந்த வேறுபாடு தெரியாமல் போவது இயல்பே. எனினும் நம் இலக்கணம் இதற்கு எப்போதோ இடம் ஒதுக்கிவிட்டது. ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்றால் அவர் இயற்றிய நூலைப் படித்தேன் என்பது பொருள். இதைக் கருத்தாவாகுபெயர் என்கிறோம். டீசல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1858இல் பாரிசில் பிறந்த ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல், 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினுக்கு அவர் பெயர் வழங்கலாயிற்று. பிறகு எஞ்சினின் பெயர் அதில் ஊற்றும் எண்ணெய்க்கு ஆகிவந்தது. பெட்ரோல் பங்கில் ‘ஆயிரம் ரூபாய்க்கு டீசல் போடுங்கள்’ என்பவர் தம்மை அறியாமலே இருமடியாகுபெயரைக் கையாள்கிறார். 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் அவ்வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகவே எண்ணெயின் தன்மையைக் கொண்டு இதற்குப் புதுப்பெயர் சூட்டுவது, சொல் பிறந்த இடத்தையே மறைத்துவிடும். பெட்ரோமாக்ஸும் அப்படித்தான்: பெட்ரோலியத்தின் முற்பாதியோடு பெர்லின் விளக்கு நிறுவனத்தின் மாக்ஸ் கிரேட்ஸ் என்பவரின் பெயர் சேர்ந்திருக்கிறது.

பிரெயில் என்ற பெயரைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை. குதிரைச் சேணம் தைப்பவரின் மகனான லூயி பிரெயில், மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் குத்தியது. புண் மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதுக்குள் பார்வை முற்றும் போயிற்று. சார்லஸ் பார்பியே என்பவர் வகுத்திருந்த பன்னிரண்டு புள்ளி முறை விரல் நுனிக்குள் அடங்காததைக் கண்டு, 1824இல், தம் பதினைந்தாம் வயதில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அவர் 1852இல் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்தே பிரான்ஸ் அம்முறையை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது.

என் வகுப்பில் பார்வையற்ற மாணவி ஒருவர் இருந்தார். தடித்த தாளைச் சட்டத்தில் செருகி, கைப்பிடியுள்ள சிறு ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்திக்கொண்டே வருவார். தாளைத் திருப்பினால் புடைத்து நிற்கும் எழுத்துகள் இடமிருந்து வலமாக வாசிக்க வரும். அந்த ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். செருப்புத் தைப்பவரிடம் இருக்கும் குத்தூசியின் சிற்றுருவமே அது. லூயி பிரெயிலின் கதையை அன்று வகுப்பில் சொன்னபோது, ‘இது ஒருத்தருடைய பெயரா, ஐயா? எழுத்தின் பெயர் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்’ என்றார் அவர். ‘புள்ளியெழுத்து’ என்று மாற்றிவிட்டால் அப்படிக் கேட்பதற்கும் வழியிருக்காது.

பெயர் எப்போதும் உரியவருக்கே போய்ச் சேர்வதில்லை என்பதும் உண்மைதான். பள்ளி ஆய்வகத்தில் உள்ள பன்சன் அடுப்பைச் செய்து தந்ததில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகக் கருவிக் கைவினைஞர் பீட்டர் டெசாகாவுக்குப் பெரும்பங்கு உண்டு. அதற்காகப் பன்சனின் பெயரை நீக்க வேண்டியதில்லை, டெசாகாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னால் போதும்.

கலைச்சொற்களை நூலாக வெளியிடும் எண்ணம் தங்களுக்கு இருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் இத்தகைய பெயர்களை அப்படியே வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே அம்மனிதர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.